வாய் நாற்றத்துக்கு வயிற்றைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை செய்கிறேன். வயது 42. காலையும் இரவும் பல் தேய்த்தும் வாய் நாறுகிறது என்கிறாள் மனைவி. வயிற்றுக் கோளாறு என்று இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், கேட்கவில்லை. கிராம்பு மென்றால் அரை மணி நேரம் தாங்குகிறது. என்னதான் காரணம்?

பதில்: மாத்திரை கேட்காததில் ஆச்சரியம் இல்லை. வாய் நாற்றம் உள்ள பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் கோளாறு வாய்க்குள்தான். உணவுக்குழாய் பெரும்பாலும் மூடியே கிடப்பதால் ஏப்பம் விடும்போதுதான் வயிற்று வாடை மேலே வரும். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் அடிக்கடி இருந்தால் மட்டும் வயிற்றைச் சந்தேகப்படலாம்.

நாற்றம் பிறக்கும் இடம் நாக்கின் பின்பகுதி, அப்புறம் பல்லிடுக்கும் ஈறும். அங்கே தங்கும் மீன் துணுக்கு, சளி, உதிர்ந்த தோல் இவற்றைக் கிருமிகள் சிதைக்கும்போது கந்தக வாயு கிளம்புகிறது. அழுகின முட்டை நாறுவதும் இதே வாயுவால்தான். பல்லை மட்டும் தேய்க்கும் பிரஷ் அங்கெல்லாம் போவதில்லை.

உங்கள் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டன் சாயாவோடு தோட்டத்துக்குப் போனால், பால் எடுத்து முடிக்கும்வரை தண்ணீர் குடிக்காதவர்கள் உண்டு. வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது எச்சில்தான். தூக்கத்தில் அது குறைந்துவிடும். அதற்குமேல் தண்ணீரும் இல்லையென்றால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு இருக்கட்டும். வெற்றிலை, புகையிலை பற்றி நீங்கள் எழுதவில்லை. புகையிலை பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்; அது வாயில் புற்றுநோயையே கொண்டுவரும்.

இன்று ஒன்று செய்து பாருங்கள். ஒரு ஸ்பூனால் நாக்கின் பின்பகுதியை மெதுவாகச் சுரண்டி, சிறிது நேரம் கழித்து மோந்து பாருங்கள். வெள்ளைப் படிவும் வாடையும் இருந்தால் இடம் தெரிந்துவிடும். ஈர்க்கிலைக் கீறி வளைத்து நாக்கு வழிக்கிற நம்மூர்ப் பழக்கம் நல்லதே. ஆனால் பலரும் முன்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். குமட்டல் வராத அளவுக்குப் பின்னாலிருந்து முன்னே இழுங்கள். ரத்தம் வரும்படி அழுத்த வேண்டாம்.

பல் தேய்க்கும்போது ரத்தம் கசிந்தால் ஈறு நோய் இருக்கலாம். பல்லடியில் இறுகிய காறை பிரஷுக்கு அசையாது. கிளினிக்கிலோ அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலோதான் எடுக்க வேண்டும். காறை எடுத்தால் பல் ஆடும் என்று பயந்து வராமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பல்லை ஆட வைப்பதே அந்தக் காறையால் வரும் ஈறு நோய்தான்.

இவ்வளவு செய்தும் போகவில்லையா? சைனஸ், டான்சில் குழிகளில் சேரும் வெள்ளைக் கட்டி, வாயை உலர்த்தும் அலர்ஜி மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடை அடித்து, வாந்தியும் சோர்வும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் வாய் வாடை நமக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, கிராம்பு மெல்லாத ஒரு காலையில், மனைவியிடமே கேளுங்கள்.