தைவான் இரவுச் சந்தையில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய பொரித்த பண்டம் எது?

சர்க்கரைவள்ளிக்கிழங்கு உருண்டை. யோசிக்கவே வேண்டாம், முதலில் இதை வாங்குங்கள். சீன மொழியில் திகுவா ச்சியோ என்பார்கள். நான் தைவானில் படித்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிக்கொண்டு போனது இந்தக் கடைக்குத்தான். வீடியோக்களில் எல்லாம் முகம் அளவுக்குப் பெரிய கோழி வறுவலும் நாற்றம் அடிக்கும் தோஃபு என்கிற சோயா பனீரும்தான் வருகின்றன, அதனால் நம் ஆட்கள் பலர் இதைப் பார்க்காமலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. வேகவைத்து மசித்த கிழங்கு, சர்க்கரை, மரவள்ளி ஸ்டார்ச் (நம் சேலத்தில் ஜவ்வரிசி ஆகிறதே, அதே மாவுதான்), அவ்வளவே. கடைக்குக் கடை அளவு கொஞ்சம் மாறும். இதைப் பிசைந்து கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, அதிகம் காயாத எண்ணெயில் போடுகிறார்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது, தயவுசெய்து வாங்கிக்கொண்டு உடனே நகர்ந்துவிடாமல் நின்று பாருங்கள். உருண்டைகள் வெந்து மேலே மிதந்து வந்ததும் கடைக்காரர் பெரிய ஜல்லிக்கரண்டியை வைத்து எல்லாவற்றையும் சேர்த்து வாணலியோடு அழுத்துவார். தட்டையாகிவிடும். கரண்டியை எடுத்ததும் மறுபடி உருண்டு, முன்பைவிடச் சற்றுப் பெரிதாக வரும். திரும்ப அழுத்துவார், திரும்பப் பெரிதாகும். இப்படியே பல முறை. கோலிக்குண்டாகப் போனது கடைசியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நிற்கும், உள்ளே வெறும் காற்று.

நம் வீட்டில் பூரியைக் கரண்டியால் லேசாக அமுக்கி உப்ப வைப்பதன் பின்னால் இருக்கும் அதே காரணம்தான். சூட்டில் ஸ்டார்ச் வெந்து வெளியே ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு தோல் உண்டாகிறது. அழுத்தும்போது உள்ளே இருக்கும் மாவு நசுங்கி விலக, அதிலிருந்து வரும் நீராவி அந்தத் தோலை வெளியே தள்ளுகிறது. அழுத்தாமல் விட்டால் நடுவில் மாவுக் கட்டியாகவே நின்றுவிடும். அவசரப்பட்டு ஓங்கி அழுத்தினால் தோல் கிழிந்து எண்ணெய் உள்ளே போய்விடும். முடிவில் தீயைக் கூட்டி ஒரு பொரி பொரித்து எடுக்கிறார்கள், மேல்தோல் மொறுமொறுப்பாவதும் எண்ணெய் வடிவதும் அதனால்தான். அதனால் கடையைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கிற ஒரே அளவுகோல், கரண்டி ஓயாமல் வேலை செய்கிறதா என்பதுதான். பொரித்துக் குவித்து வைத்துவிட்டு விற்கிற கடையில் வாங்காதீர்கள், எவ்வளவு பெரிய பெயர்ப்பலகை இருந்தாலும் சரி.

சாப்பிடும்போது முதல் கடியில் மெல்லிய தோல் நொறுங்கும், அதற்கு உள்பக்கம் ஜவ்வென்று இழுக்கும், பிறகு சூடான காற்று, கிழங்கின் மணம். சர்க்கரை தூக்கலாக இருக்காது. காகிதப் பையில் தருவார்கள், அதன் வாயை மடித்து மூடவே கூடாது, ஆவியில் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். உலர்ந்த பிளம் பழப் பொடி வைத்திருக்கும் கடை என்றால் கொஞ்சம் தூவித் தரச் சொல்லுங்கள், புளிப்பும் உப்புமாக அந்த இனிப்போடு அத்தனை பொருத்தம்.

மஞ்சள், ஊதா என்று இரண்டு நிறம் கலந்து இருக்கும். எனக்கு மஞ்சள்தான். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்கு எதுவுமே ஆகாது. அவர் சின்ன வயதில் அரிசி போதாமல் காயவைத்த கிழங்குச் சீவலைச் சோற்றோடு கலந்து தின்ற தலைமுறை, இனிமேல் அந்தக் கிழங்கு வேண்டாம் என்பார். பேரனுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போவார். தைவான் தீவின் வடிவமே இந்தக் கிழங்கு மாதிரி இருக்கிறது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள், வரைபடத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

சைவம் என்றீர்கள், அதனால் இரண்டு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்று எண்ணெய். பெரும்பாலும் இந்த உருண்டைக்கு என்றே தனிக் கடை இருக்கும், அங்கே வாங்குங்கள். கோழியும் கணவாயும் பொரிக்கிற கடையில் இதுவும் கிடைத்தால் ஒரே எண்ணெயாக இருக்கலாம். அப்புறம், தலைநகர் தைபேயின் நிங்ஸியா சந்தையில் பார்க்க இதே மாதிரி சேப்பங்கிழங்கு உருண்டை பொரிப்பார்கள், நீளமான வரிசை நிற்கும். அதில் ஒரு வகைக்குள் உப்பு முட்டையின் மஞ்சள் கருவும் பன்றி இறைச்சித் தூளும் வைத்திருப்பார்கள். கேட்காமல் வாயில் போட்டுவிடாதீர்கள். சீன மொழியில் ‘ஸூ’ என்றால் சைவம். பௌத்தர்கள் நிறைய இருப்பதால் இந்தச் சொல் எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும், சந்தேகம் என்றால் போனில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள்.

எங்கே போவது என்றால் அதே தைபேயில் இருக்கும் ரௌஹே தெருச் சந்தை. சோங்ஷான் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே மாஸு என்ற கடல் தெய்வத்தின் கோயில், அதை ஒட்டிச் சந்தை தொடங்குகிறது. ஏறக்குறைய 600 மீட்டர் நீளம், ஒரே தெரு, வழி தவற வாய்ப்பே இல்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் கடைகள் திறக்கும், வார நாளில் போனால் இடிபடாமல் நடக்கலாம். சின்னப் பை 50 தைவான் டாலர் அளவில் இருக்கும், நம் பணத்துக்கு ஏறக்குறைய 150 ரூபாய். பெரிய பை வேண்டாம், ஆறுவதற்குள் தீர்க்க முடியாது. திரும்பும்போது மெட்ரோவில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். தைபே மெட்ரோவில் தண்ணீர் குடிக்கக்கூடத் தடை, அபராதம் 1,500 தைவான் டாலரிலிருந்து தொடங்குகிறது. கோயில் வாசல் பக்கமாக நின்று சாப்பிட்டு முடித்துவிட்டு நிலையத்துக்குள் போங்கள்.