ஹவாயின் 'போக்' ஜூஸ்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஹவாயில் இருக்கும் தம்பி 'போக்' என்று ஒரு ஜூஸைப் பற்றியே பேசுகிறான். அது என்ன?

பதில்: பேஷன் ஃப்ரூட், ஆரஞ்சு, கொய்யா மூன்றும் கலந்த சாறு. 1971-இல் மாவி தீவில் இருந்த ஹலேயாகலா பால் நிறுவனத்துக்காக மேரி சூன் என்பவர் உருவாக்கியது. கொய்யாவில் மணமும் கெட்டியும் உண்டு, புளிப்பு குறைவு. பேஷன் ஃப்ரூட்டில் சுரீரென்ற புளிப்பு. ஆரஞ்சு இரண்டையும் சேர்த்து வைக்கிறது. அந்தப் பொருத்தம் அருமை!

கேள்வி: போக் வட்டு விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. பால் பாட்டிலின் அட்டை மூடிகளை அடுக்கி, அடித்துக் கவிழ்ப்பது ஹவாய்ப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. 1991-இல் ஓவாஹு தீவின் ஆசிரியை பிளாசம் கல்பிசோ அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். போக் ஜூஸின் மூடிகளும் சேர்ந்துகொள்ள, அந்தப் பெயரிலேயே உலகமெங்கும் பரவியது. சிப்ஸ் பாக்கெட்டில் நாம் தேடித்தேடிச் சேர்த்த டாஸோவும் அதன் வழி வந்ததுதான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை, அதாவது பேஷன் ஃப்ரூட், கிடைக்கிறது. வீட்டில் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்பதும் இதுவே. பழுத்த கொய்யாவைத் துண்டாக்கி, தண்ணீர் விட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். விதை நொறுங்கினால் சாறு நறநறக்கும். வடிகட்டியில் கரண்டியால் அழுத்தித் தேய்த்துக் கூழை இறக்குங்கள். கொடித்தோடைச் சதையை அரைக்கவே வேண்டாம், தேய்த்தாலே சாறு இறங்கிவிடும். ஆரஞ்சைக் கடைசியில் பிழிந்து உடனே குடியுங்கள். வைத்திருக்க வைத்திருக்க வைட்டமின் சி குறையும்.

கேள்வி: சத்து எதில் அதிகம்?

பதில்: கொய்யாவில்தான். 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆரஞ்சில் 50 அளவுதான். கீரை, பருப்புச் சாப்பாட்டோடு குடித்தால் அவற்றின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு?

பதில்: வேண்டாம். ஒரு வயதுவரை எந்த ஜூஸும் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காமல் இருப்பதே நல்லது. வடிகட்டும்போது நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடும், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. கடையில் வாங்கும் டப்பா என்றால் மேலே போட்ட சர்க்கரையும் இருக்கும். அம்மாவுக்குச் செங்காயாக ஒரு கொய்யாவை நறுக்கிக் கொடுங்கள். எவ்வளவு என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.