குழந்தைக்கு என்ன வயது?

கேள்வி: பத்து மாதம் சுமந்து பெற்றவள் மனம் மாறி வந்து கேட்டால், தத்தெடுத்தவர்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதுதானே நியாயம்? ரத்தத்தைவிட ஒரு காகிதம் பெரிதா?

பதில்: எந்தப் பிள்ளையை? பிறந்து 20 நாளான, இன்னும் முகம்கூடச் சரியாகப் பார்க்கத் தெரியாத சிசுவையா, இல்லை ராத்திரி தூக்கத்தில் புரண்டு 'அம்மா' என்று கையை நீட்டினால் எந்தப் பக்கம் யார் படுத்திருப்பார்கள் என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்து வைத்திருக்கும் 4 வயதுப் பிள்ளையையா? பெற்றவள், தத்தெடுத்தவர்கள், ரத்தம், காகிதம் எல்லாம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. வயது மட்டும் இல்லை.

20 நாள் என்றால் உங்கள் கட்சிதான் நான். பிரசவம் முடிந்த கையோடு, பணமும் இல்லாமல் துணையும் இல்லாமல், வீட்டார் முறைத்துக்கொண்டு நிற்கும்போது போட்ட கையெழுத்தை நான் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். சட்டங்களும் இதை யோசிக்காமல் இல்லை. பிரிட்டனில் குழந்தைக்கு 6 வாரம் ஆகுமுன் தாய் தத்துக்குத் தரும் ஒப்புதல் செல்லாது. இந்தியாவில் குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை ஒப்படைத்தவர்கள் மனம் மாறினால் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கதவு திறந்திருக்கும்போது வருகிற தாயை ஒரு குறையும் சொல்ல முடியாது.

கதவு மூடிய பிறகு வந்தால்? அங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். தத்து உத்தரவு காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பித்தான் அந்தப் பிள்ளை ஒரு வீட்டில் தூங்குகிறது. முறைப்படி நடந்த தத்தைப் பெற்றவரோ எடுத்தவரோ ரத்து செய்ய முடியாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. (எடுத்தவரும் முடியாது என்பதைக் கவனியுங்கள். 'சரிப்பட்டு வரவில்லை' என்று திருப்பி விடவும் வழியில்லை.)

சிக்கல், தத்தே முறையாக நடக்காதபோது. அமெரிக்காவில் 1991இல் பிறந்த ஒரு பெண் குழந்தையின் வழக்கு இது. 72 மணி நேரம் கழிந்துதான் தாயிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம், அதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். தாயும் தந்தை என்று வேறொருவர் பெயரைச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் ஆவதற்குள் தாயும் உண்மையான தந்தையும் வந்து கேட்டுவிட்டார்கள். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு கோர்ட், இன்னொரு கோர்ட், இன்னொரு மாநிலத்துக் கோர்ட் என்று இழுத்து, பெற்றோரிடம் கொடுங்கள் என்ற தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது 1993 ஆகஸ்டில். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. தான் அறிந்த ஒரே வீட்டிலிருந்து வேனில் அழுதுகொண்டே போன அந்தக் குழந்தையை நாடே டிவியில் பார்த்தது. பெற்றவர்கள் பக்கம் சட்டம் இருந்தது, வளர்த்தவர்கள் பக்கம் பாசம் இருந்தது, இரண்டு தரப்பிலும் வில்லன் என்று யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய்தா மேல் வாய்தாவாகப் போன அந்த இரண்டரை வருஷத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கு அது ஒரு கேஸ் நம்பர். அவளுக்கோ பேசக் கற்றது, நடக்கக் கற்றது, மொத்த ஆயுளும் அதுதான்.

அப்புறம், திருப்பித் தருவது அல்லது தராதது என்று இரண்டே வழி இருப்பதுபோல ஏன் கேட்கிறீர்கள்? பெற்றவள் அவ்வப்போது வந்து பார்ப்பது, கடிதம் எழுதுவது, போட்டோ அனுப்புவது எனத் தொடர்பு அறுபடாத தத்து பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் தத்துப்போன பிள்ளைகள் 18 வயதானதும் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்க 1975லேயே சட்டம் வழி செய்துவிட்டது. கேட்கும் உரிமையைப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு, அதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.