பிராம்ஸின் தாலாட்டு சோகப் பாட்டா?

அன்புள்ள ஐயா,

என் மகள் கைக்குழந்தையைத் தூங்க வைக்க, ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் தாலாட்டைத் தினமும் கைபேசியில் போடுகிறாள். ஒரு பெண்குரல், கூடவே பியானோ, அவ்வளவுதான். பாட்டைக் கேட்டு விவரம் சொல்லும் செயலி ஒன்றில் அதைப் போட்டுப் பார்த்தேன். வேகம் நிமிடத்துக்கு 148, சுருதி சி மைனர், மனநிலை ‘சோகம்’ என்று வந்தது. நான் சின்ன வயதில் வயலின் கற்றவள். என் காதுக்கு அது சங்கராபரணம் மாதிரி நிம்மதியாகத்தான் கேட்கிறது. செயலியை நம்புவதா, காதை நம்புவதா? பேத்திக்கு எந்த வேகத்தில் உள்ள பதிவு நல்லது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

காதை நம்புங்கள். ஆனால் செயலி எங்கே வழுக்கியது என்று பார்த்தால் பாட்டின் கட்டுமானமே தெரிந்துவிடும்.

முதலில் வேகம். 148-ஐப் பாதியாக்கினால் 74. அதுதான் உண்மையான நடை. பாட்டு மூன்றெண்ணிக்கையில் போகிறது. குரல் எண்ணிக்கையின் மேலேயே விழ, பியானோவின் வலது கை இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே சற்றுத் தள்ளி விழுகிறது. தொட்டில் கயிறு ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போன்ற அசைவு அதிலிருந்துதான் வருகிறது. மென்பொருள் அந்த நடுத் தட்டுகளையும் தாளமாக எண்ணிவிட்டது. பிராம்ஸ் இந்தப் பாட்டுக்கு எண் எதுவும் கொடுக்கவில்லை. மென்மையாக, ஆனால் நகர்ந்துகொண்டே பாட வேண்டும் என்று இரண்டு ஜெர்மன் சொற்களில் குறித்ததோடு சரி. இரண்டாவது சொல்லைப் பல பாடகர்கள் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்து சுருதி. 1868-இல் அவர் எழுதியது இ ஃபிளாட் மேஜரில், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. இ ஃபிளாட் மேஜருக்கும் சி மைனருக்கும் ஏழு ஸ்வரங்களும் அவையேதான், ஆதார ஷட்ஜம் மட்டும் வேறு. மேஜர் நம் சங்கராபரணம், மைனர் நம் நடபைரவி. வயலின் கற்ற உங்களுக்குக் கிரக பேதம் (ஆதார ஸ்வரத்தை மாற்றி வைப்பது) என்றாலே போதும்: சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி. செயலி சங்கராபரணத்தைக் கேட்டுவிட்டு நடபைரவி என்று எழுதியிருக்கிறது. மைனர் என்றால் சோகம் என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், மூன்றாவது பிழை அங்கிருந்து வந்தது. இதில் ஒரு லாபமும் உண்டு. சி மைனர் என்று தவறியிருக்கிறது என்றால், உங்கள் மகள் போடும் பதிவில் அந்தப் பாடகி மூலச் சுருதியிலேயே பாடுகிறார் என்று ஊகிக்கலாம். குரலுக்கு ஏற்ப ஏற்றியும் இறக்கியும் பாடும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவானால் இந்த ஊகம் செல்லாது. தட்டு நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாகச் சுழன்றாலே சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும், பாட்டும் அதே அளவுக்கு விரையும்.

மெட்டை ஸ்வரமாக எழுதினால் க க ப, க க ப, க ப ஸ நி த த ப என்று தொடங்குகிறது (அந்த ஸ மேல் ஷட்ஜம்). ஷட்ஜத்தில் உட்காராமல் காந்தாரத்தில் ஆரம்பிப்பதைக் கவனியுங்கள். நம்முடைய தாலாட்டு ராகமான நீலாம்பரியும் சங்கராபரணத்தின் ஜன்யம்தான், அதாவது அதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அதை வைத்து இரண்டையும் உறவாக்க வேண்டாம். நீலாம்பரியின் சுகம் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் இருக்கிறது. பிராம்ஸ் அதைப் பியானோவின் வலது கையில் வைத்திருக்கிறார்.

அந்த வலது கையில் ஒரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. 1859-இல் ஹாம்பர்க்கில் பிராம்ஸ் நடத்திய பெண்கள் பாடகர் குழுவில் வியன்னாவிலிருந்து வந்த பெர்த்தா என்ற இளம்பெண் இருந்தார். அவர் பிராம்ஸுக்கு ஆஸ்திரிய நாட்டுப்புறச் சாயலில் பாட்டுகள் பாடிக் காட்டுவார். அவற்றில் ஒன்று காதல் பாட்டு, லெண்ட்லர் என்ற மூன்றெண்ணிக்கை ஆட்டத்தின் நடையில் அமைந்தது. பெர்த்தா பிறகு ஆர்தர் ஃபேபரை மணந்தார். இரண்டாவது மகன் ஹான்ஸ் பிறந்தபோது பிராம்ஸ் அனுப்பிய பரிசுதான் இந்தத் தாலாட்டு. அந்தப் பழைய காதல் பாட்டைப் பியானோவுக்குள் வைத்துப் பின்னி அனுப்பினார். ஒளித்து வைத்தார் என்றும் சொல்ல முடியாது, கணவருக்கு எழுதிய கடிதத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்: அம்மா பிள்ளையைத் தூங்கவைக்கும்போது அவளுக்காக ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் என்று.

அதனால்தான் இந்தப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவது எனக்குப் பிடிப்பதில்லை. நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழே போனால் ஆட்டம் செத்துவிடும், வெறும் உறக்கம்தான் மிஞ்சும். வயலின் கூட்டமும் ஹார்ப்பும் சேர்ந்த பதிவுகளில் அந்த வலது கை கரைந்தே போகிறது. தன் பாட்டை இப்படி ஆளாளுக்கு மாற்றி அச்சிட்டு விற்றது பிராம்ஸுக்கே அலுத்துவிட்டது. குறும்புக்காரக் குழந்தைகளுக்கும் நோயாளிக் குழந்தைகளுக்கும் மைனரில் ஒரு பதிப்புப் போடலாமே என்று பதிப்பாளர் சிம்ராக்கிடம் கிண்டல் செய்திருக்கிறார். உங்கள் செயலி அந்த யோசனையை மெய்யென்று எடுத்துக்கொண்டுவிட்டது போல.

சோகம் அறவே இல்லையா என்றால், வரிகளில் ஓர் இடம் உண்டு. கடவுள் நினைத்தால் நாளைக் காலை நீ எழுப்பப்படுவாய் என்கிறது பாட்டு. குழந்தைச் சாவு சாதாரணமாக இருந்த காலத்து வரி அது. பிராம்ஸ் அங்கே மைனருக்குப் போகவில்லை. கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறார்.

பேத்திக்கு இப்போது போடும் பதிவே போதும். 65-இலிருந்து 75-க்குள் இருக்கும் எதுவும் சரிதான். மூலத்தில் முன்னிசையோடு சேர்த்துப் பதினெட்டே கட்டங்கள் (ஒவ்வொன்றும் மூன்று எண்ணிக்கை) என்பதால், ஒரு சரணம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் வேகம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பாடலாம் என்றும் சொல்வேன். மெட்டு முழுவதும் ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டரைக் கட்டை எட்டாவிட்டால் கீழே இறங்கி ஐந்து கட்டையில் பாடுங்கள். மேல் ஷட்ஜத்தில் மட்டும் கத்திவிட வேண்டாம், பிள்ளை விழித்துக்கொள்ளும்.