கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்ட ‘பெர்மிட்’ வாங்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் ரீடிங் நகரில் குடியிருக்கிறோம். ஒன்பது வயது மகனோடு வார இறுதிகளில் ஆற்றங்கரை, கால்வாய்க் கரை வழியாக மெதுவாகச் சைக்கிள் ஓட்ட ஆசை. இதற்கு ஆண்டுக்கு 45 பவுண்டு கட்டி ‘கரைப்பாதை பெர்மிட்’ எடுக்க வேண்டும், இன்ஷூரன்ஸும் அதிலேயே அடங்கும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விற்கிறார். போன மாதம் தேம்ஸ் கரையில் ஓட்டியபோது ஒரு பெரியவர் “இது நடப்பவர்களுக்கான பாதை, இறங்குங்கள்” என்று என் கணவரை அதட்டினார். கடைக்காரரோ, இந்தப் பாதைகளுக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்தான் சரிப்படும், ஒன்று 1,400 பவுண்டு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பெரியவர் பேச்சைக் கேளுங்கள். மற்ற இருவரையும் விட்டுவிடுங்கள்.

அந்த 45 பவுண்டை இன்னும் கட்டவில்லை என்று நம்புகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழியை ‘கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அதன் கரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டக் காசும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். இந்தப் புரளிக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 2012இல் இந்த அறக்கட்டளை பொறுப்பேற்பதற்கு முன் கால்வாய்களை வைத்திருந்தது ‘பிரிட்டிஷ் வாட்டர்வேஸ்’ என்ற அரசு அமைப்பு. அது ஒரு காலத்தில் சைக்கிள்காரர்களுக்கு பெர்மிட் கொடுத்துவந்தது உண்மை. அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது; ஆனாலும் “பெர்மிட் இருக்கிறதா?” என்று கேட்கும் பழைய ஆட்கள் இன்றும் உண்டு. படகுக்கு லைசென்ஸ் வேண்டும், துடுப்புப் படகுக்கும் வேண்டும், தூண்டில் போடவும் வேண்டும். இவற்றையெல்லாம் கலந்து குழப்பித்தான் உங்கள் குழு நண்பர் கடை விரித்திருக்கிறார்.

ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் கையில் ஃபைலோடு நிற்கும் ஆளைக் கண்டால் நமக்குப் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அதே ஆள் இங்கே முத்திரை பதித்த பி.டி.எஃப். அனுப்பினால் மட்டும் ஏனோ நம்பிவிடுகிறோம். அயல்நாட்டில் சட்டம் கடுமை என்ற நம் பயம்தான் அவர்களுக்கு மூலதனம். சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தாக வேண்டும் என்று இங்கே சட்டமே இல்லை. யார் மீதாவது மோதிவிட்டால் என்ன செய்வது என்று மனம் அடித்துக்கொண்டால், ‘சைக்கிளிங் யுகே’ போன்ற சங்கத்தில் நேரடியாக உறுப்பினராகிவிடுங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு அந்தச் சந்தாவிலேயே சேர்ந்து வரும். நடுவில் ஆள் எதற்கு?

இலவசம் என்றவுடன் உரிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கால்வாய்க் கரையின் பெரும்பகுதியில் உங்களை ஓட்ட விடுவது உடைமையாளரின் அனுமதி. விருந்தாளிபோல நடந்துகொள்ள வேண்டும்: நடப்பவர்களுக்கே முதலிடம், எதிரில் வருபவரைக் கண்டால் வேகம் தணிய வேண்டும், முந்துவதற்கு முன் மணி அடிக்க வேண்டும்.

இனி அந்தப் பெரியவர் விஷயம். இதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். என்னிடம் சைக்கிள் பழக வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆறு வேறு, கால்வாய் வேறு. இரண்டின் கரையிலும் அந்தக் காலத்தில் குதிரை படகை இழுத்துக்கொண்டு நடந்தது. பார்க்கப் பாதை ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கால்வாய் ஒரு கம்பெனி வெட்டியது; கரையும் அதோடு சேர்ந்தே வந்தது. தேம்ஸை யாரும் வெட்டவில்லை. அதன் கரை வயல்காரர், வீட்டுத் தோட்டக்காரர், கல்லூரி, நகராட்சி என்று பல கைகளில் கிடக்கிறது. பொதுமக்களுக்கு அங்கே இருப்பது கடந்துபோகும் உரிமை மட்டுமே. அதிலும் வகை உண்டு. மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் நடைபாதை, அதில் சைக்கிள் ஓட்ட உரிமையில்லை. நீல அம்புக்குறி குதிரைப் பாதையைக் குறிக்கும். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதில் சைக்கிளும் போகலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும்.

1996இல் திறக்கப்பட்ட ‘தேம்ஸ் பாத்’ 184 மைல் நீளமுள்ள தேசிய நடைவழி. பெரும்பகுதி மஞ்சள் அம்புதான். ஆனால் இதே ஆற்றை ஒட்டி, பல இடங்களில் கரைவழியாகவே, லண்டன் புட்னி பாலத்திலிருந்து வெய்பிரிட்ஜ் வரை தேசிய சைக்கிள் பாதை எண் 4 ஓடுகிறது. குடும்பம் குடும்பமாக ஓட்டுகிறார்கள். அங்கே ஓட்டிப் பழகிய ஒருவர், ஆற்றங்கரையெல்லாம் சைக்கிள் பாதை என்று எண்ணிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்து திட்டு வாங்குவார். ஒரு வேலிக்கதவைத் தாண்டியதும் வகை மாறிவிடும். முந்தைய கதவில் நீலம் பார்த்தோமே என்ற நினைப்பு அடுத்த கதவில் செல்லாது. ஒவ்வொரு கம்பத்தையும் பாருங்கள்; மஞ்சள் என்றால் இறங்கித் தள்ளுங்கள். ஓட்டிவிட்டால் கைது செய்ய மாட்டார்கள், பயம் வேண்டாம். அது நிலத்துக்காரருக்கும் உங்களுக்கும் இடையிலான உரிமையியல் விவகாரம். ஆனால் அதட்டிய பெரியவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

கைபேசி வழிகாட்டிகளை இந்த விஷயத்தில் நம்பவே நம்பாதீர்கள். நடைபாதை, குதிரைப் பாதை எல்லாவற்றையும் ஒரே கோடாகப் போட்டுச் “சைக்கிள் வழி” என்று காட்டும் செயலிகளை நானே பார்த்திருக்கிறேன். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுகோல் வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பச்சையில் குட்டைக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப் பாதை. நீங்கள் செலவழிக்க வேண்டிய பணம் அதுதான்.

எந்தப் பாதை எந்த வகை என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். 1949இல் ஒரு சட்டம் போட்டு, பாதைகளைப் பட்டியலிடும்படி உள்ளூர் மன்றங்களுக்குச் சொன்னார்கள். அன்று யாரோ ‘நடைபாதை’ என்று எழுதிவைத்ததால், டிராக்டர் போகும் அகலமுள்ள பாதை இன்றும் சைக்கிளுக்கு ஆகாது. தோளளவு முட்புதருக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதை குதிரைப் பாதையாக இருக்கும். வடக்கே ஸ்காட்லாந்தில் 2003இல் ஒரே சட்டத்தில் இந்தத் தலைவலியில் பெரும்பங்கைத் தீர்த்துவிட்டார்கள். இங்கே பலகை நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீர்வழி நிர்வாகமும் இப்படித்தான். உங்கள் ஊரிலேயே ஹை பிரிட்ஜ் பாலத்தைத் தாண்டித் தேம்ஸை நோக்கி ஓடும் கென்னெட் ஆற்றைத் தேம்ஸின் பகுதியாகக் கருதிச் சுற்றுச்சூழல் முகமை நிர்வகிக்கிறது. பாலத்துக்கு வந்துசேரும்வரை அதே தண்ணீர் ‘கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ அறக்கட்டளையின் பொறுப்பு. பக்கத்து மாவட்டத்தில் வெய் ஆறு ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற வேறோர் அறக்கட்டளையிடம், பேசிங்ஸ்டோக் கால்வாய் இரண்டு மாவட்ட மன்றங்களிடம். ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு விதி.

கடைக்காரருக்கு வருகிறேன். தேங்கிய தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். அதன் கரையும் மட்டமாகத்தான் போகும். படகை ஏற்றி இறக்கும் ‘லாக்’ உள்ள இடத்தில் மட்டும் பாதை சில அடி ஏறும். உங்கள் ஊர் வழியாகப் போகும் ‘கென்னெட் அண்ட் ஏவன்’ கால்வாயிலேயே மேற்கே டிவைசிஸ் ஊரில் 29 லாக்குகள் அடுக்கடுக்காக 237 அடி ஏறுகின்றன. அதற்கே சாதாரண சைக்கிள் போதும். பின்பக்க சஸ்பென்ஷன் இந்தப் பாதையில் கூடுதல் எடை, கூடுதல் பராமரிப்பு, அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டில் மலிவு விலைக்கு அதையே விற்கிறார்களே என்று அந்தப் பக்கமும் போய்விடாதீர்கள். அந்த விலையில் சஸ்பென்ஷன் வைக்க பிரேக்கில்தான் கைவைத்திருப்பார்கள். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதோ, அதுவும் இல்லாததோ போதும். டயர் 40 மில்லிமீட்டர் அல்லது சற்று அகலமாக இருக்கட்டும், மட்கார்டு கட்டாயம். பையனுக்குப் பழையதே வாங்குங்கள், இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான். ஆனால் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த சட்ட எண்ணை ‘பைக் ரெஜிஸ்டர்’ இணையதளத்தில் இலவசமாகச் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் விலை கேட்கவே வேண்டாம்.

“ஆபீஸ் திட்டத்தில் மாதத் தவணையில் எடுங்கள்” என்று அடுத்து வலை வீசுவார். வேலைக்குச் சைக்கிளில் போகும் திட்டம் நல்லதுதான், வரி மிச்சம். ஆனால் அது வாடகை ஒப்பந்தம். தவணை முடிந்தாலும் சைக்கிள் தானாக உங்களுடையது ஆகிவிடாது. நடுவில் வேலை மாறினால் மிச்சத் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கே தொடங்குவது? ரீடிங்கின் கவுண்டி லாக்கிலிருந்து மேற்கே தீல் வரை, ஏறக்குறைய 8 அல்லது 9 கிலோமீட்டர். தேசிய சைக்கிள் பாதை எண் 4 அந்த வழியாகத்தான் போகிறது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் இருக்கும். தீலுக்குச் சற்று முன் கார்ஸ்டன் லாக் வரும். கல்சுவருக்குப் பதில் புல் சரிவு வைத்துக் கட்டிய பழைய வகை. இந்தக் கால்வாயில் அப்படி எஞ்சியிருப்பவை இரண்டே. பையனுக்குக் காட்டுங்கள். தீலிலிருந்து ரயிலில் திரும்பிவிடலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் கிடையாது, ஆபீஸ் நேரத்தை மட்டும் தவிருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெயர் கால்வாய் என்றாலும் ரீடிங்கிலிருந்து நியூபரி வரை இது 1723இல் படகுக்குத் திறந்த கென்னெட் ஆறுதான். ஆறும் வெட்டிய பகுதிகளும் மாறி மாறி வரும். தேங்கிய கால்வாயில் விழுந்தால் பெரும்பாலும் எழுந்து நின்றுவிடலாம். இங்கே நீரோட்டம் உண்டு, மழைக்குப் பின் வேகமாகவே இழுக்கும். பையன் உங்கள் இருவருக்கும் நடுவில், தண்ணீருக்கு எதிர்ப்புறமாக ஓட்டட்டும். லாக் அருகிலும் பாலத்தின் அடியிலும் மூவரும் இறங்கி நடங்கள். வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்று தெரியாது. படகு கட்டிய இடங்களில் முளையும் கயிறும் காலை வாரும். இலையுதிர் காலத்தில் வேலியை வெட்டிய வாரமென்றால் பாதை முழுக்க முள்ளாக இருக்கும். ஒட்டுப்போடும் பெட்டியோடு ஒரு மாற்று டியூபும் எடுத்துக்கொள்ளுங்கள், பையனின் சக்கர அளவுக்கும் ஒன்று.