கேள்வி – பதில்: தூண்டிலில் பெரிய கணவாய்

கேள்வி: ஆழ்கடலில் இரவு வெளிச்சம் போட்டு நிற்கையில் பெரிய கணவாய் மாட்டுகிறது, போட்டோரம் வந்ததும் கழன்றுவிடுகிறது. போட்டையே கவிழ்க்கும் கணவாயும் உண்டாமே?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: அவசரம்தான் காரணம். கணவாய்க்கு எட்டுக் கைகள்; அவற்றைவிட நீண்ட இரண்டு உணர்கைகள் வேறு. இரையை முதலில் எட்டிப் பிடிப்பவை அந்த இரண்டும்தான். சடாரென்று சுண்டி இழுத்தால் அவை அறுந்துபோகும். கணவாய்த் தூண்டிலில், மாட்டியதைக் கழலவிடாத எதிர்முள் கிடையாது. ஆகவே தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) ஒரு கணம் தளர்ந்தாலும் கழன்றுவிடும். சீராக இழுங்கள், கையில் சுற்றாதீர்கள். போட்டோரம் வந்ததும் தங்கூசியோடு தூக்க வேண்டாம். அடியில் கைவலையைக் கொடுங்கள், பெரிதென்றால் கொக்கிக் கம்பை உடம்பில் போடுங்கள். தலைக்குக் கீழுள்ள குழாய் கடற்பக்கம் பார்க்கட்டும். மையும் தண்ணீரும் அதனூடாகத்தான் பீச்சும். கைகளின் நடுவே கிளிச்சொண்டு மாதிரி அலகு. விரலைக் கொண்டுபோகாமல் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். பையில் கட்டியே ஐஸில் வையுங்கள், உருகிய தண்ணீர் பட்டால் விலை போகாது.

கவிழ்ப்பது பெரும்பாலும் கதைதான். 1873இல், இன்று கனடாவிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தில் சிறு படகொன்றைப் பற்றிப் பிடித்த ராட்சதக் கணவாயின் கையை மீனவர்கள் கோடரியால் வெட்டினார்கள். கரைக்கு வந்த துண்டே 19 அடி. 2007இல் அந்தாட்டிக்காவின் ரோஸ் கடலில் 495 கிலோ கணவாயொன்று, தூண்டிலில் மாட்டிய மீனை விடாமல் தின்றபடியே மேலே வந்தது. படகு இரண்டும் கவிழவில்லை. ராட்சதக் கணவாயின் சதையில் அமோனியம் உப்பு நிறைந்திருப்பதால் கறிக்கும் ஆகாது.