மைன்கிராஃப்ட் கேள்வி – பதில்: திரி பற்றினால் 4 வினாடி

இந்த இதழில் முழுக்க மைன்கிராஃப்ட் விளையாட்டின் வெடிக்கும் பிளாக்கான டிஎன்டிதான். கணினிக்கான ஜாவா பதிப்பை வைத்தே பதில் சொல்கிறோம். போன், டேப்லெட்டில் விளையாடும் பெட்ராக் பதிப்பில் வேறுபடும் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: டிஎன்டியைப் பற்றவைத்ததும் ஓடத்தான் செய்கிறேன். இருந்தும் பாதி நேரம் செத்துப்போகிறேன். எத்தனை பிளாக் தள்ளி நின்றால் தப்பலாம்?

பதில்: 8 பிளாக்குக்கு அப்பால் நின்றால் ஒரு டிஎன்டியால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வெடிப்பின் பலம் எவ்வளவோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம் வரை உயிர்களுக்கு அடி விழும் என்பது கணக்கு. அருகில் வந்து வெடிக்கும் கிரீப்பர் என்ற எதிரியின் பலம் 3, டிஎன்டி 4, நெதர் என்ற நெருப்பு உலகில் வெடிக்கும் பெட் (படுக்கை) 5, எண்ட் கிரிஸ்டல் 6. நார்மல் நிலையில் டிஎன்டி மேலேயே நின்றால் 50 உயிர்ப் பாயிண்டுக்கு மேல் போகும். உங்களிடம் இருப்பதோ 20.

கையால் பற்றவைத்த டிஎன்டி 4 வினாடி கழித்து வெடிக்கும். சும்மா நடந்தாலே வினாடிக்கு 4.3 பிளாக் போகலாம், ஆக 17 பிளாக் தாண்டிவிடலாம். அப்புறம் எப்படிச் சாகிறீர்கள்? பெரும்பாலும் பதுங்கி நகர வைக்கும் ஸ்னீக் பட்டனால். பள்ளத்தின் விளிம்பில் விழாமலிருக்க ஷிஃப்டை அழுத்தியபடி பற்றவைத்து, அப்படியே நகர்ந்தால் வினாடிக்கு 1.3 பிளாக்தான். நாலு வினாடியில் 5 பிளாக் தாண்டியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் பக்கத்து டிஎன்டி. நீங்கள் பற்றவைத்ததற்குத்தான் 4 வினாடி. ஒன்று வெடித்து அடுத்ததைப் பற்றவைத்தால் அதன் திரி அரை வினாடியிலிருந்து ஒன்றரை வினாடிக்குள் எதுவாகவும் இருக்கலாம். "முதலாவது வெடித்துவிட்டது, இன்னும் நாலு எண்ணலாம்" என்று எட்டிப் பார்ப்பவர் அங்கேயே விழுவார்.

சுவருக்குப் பின்னால் ஒளிவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெடிக்கும் கணத்தில் விளையாட்டு முதலில் உங்களுக்கு விழும் அடியைக் கணக்கிடுகிறது, பிறகுதான் பிளாக்குகளை உடைக்கிறது. அதனால் உங்களை முழுதாக மறைக்கும் வெறும் மண்சுவர்கூட முதல் வெடிப்பிலிருந்து காப்பாற்றும். ஆனால் அந்த வெடிப்பிலேயே சுவர் போய்விடும், இரண்டாவது நேராக உங்கள் மேல். ஒரு டிஎன்டிக்கு மண் போதும். இரண்டு என்றால் வெடிக்கு உடையாத ஒப்சிடியன் கல், அல்லது தூரம்.

கேள்வி: தண்ணீருக்குள் டிஎன்டி வெடித்தால் சேதமே இல்லை என்று நண்பன் சொன்னான். நம்பிக் குளத்தில் நின்றேன், செத்தேன். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொன்னது பாதி சரி. தண்ணீருக்குள் இருக்கும் டிஎன்டி பிளாக்குகளை உடைக்காது. உயிருள்ளவற்றை அடிப்பதில் ஒரு குறையும் வைக்காது. வீட்டின் சுவருக்கு வெளியே ஒரு பிளாக் கனத்தில் தண்ணீர் ஓடவிட்டால் கல் தப்பும். உள்ளே நிற்கும் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தப்பிய கல்தான், தண்ணீர் இல்லை. லாவாவுக்குள் வெடித்தாலும் பிளாக்குகள் உடைவதில்லை.

கேள்வி: டிஎன்டி பீரங்கி கட்டினேன். முதல் தடவை சுட்டதும் பீரங்கியே சிதறிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: அமைப்பை நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் கட்டும் 9 பிளாக் நீளத் தொட்டிப் பீரங்கி என்று வைத்துக்கொள்கிறோம். நடுவில் ஒரு பிளாக் அகலக் கால்வாய், மூன்று பக்கமும் ஒரு பிளாக் உயரச் சுவர், முன்முனையில் அரை உயரப் பிளாக்கான ஸ்லாப். பின்முனையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் அது 7 பிளாக் ஓடி ஸ்லாபில் முட்டி நிற்கும். ஓடும் அந்த 7 பிளாக்கிலும் டிஎன்டி வைக்க வேண்டும், இவைதான் தள்ளும் மருந்து. ஸ்லாபின் மேல் வைக்கும் எட்டாவது டிஎன்டிதான் குண்டு.

சிதறுவதற்கு முதல் சந்தேகம், பக்கெட் ஊற்றிய பிளாக்கிலேயே எட்டாவது மருந்தையும் திணித்திருப்பீர்கள். டிஎன்டி வைத்த இடத்தில் தண்ணீரின் ஊற்று அழிந்துவிடும். பிறகு ஓடும் தண்ணீரும் வடிந்துவிடும், எல்லா மருந்தும் காய்ந்த தொட்டியில் வெடிக்கும். பார்வைக்கு நிறைய மருந்து வைத்த பலமான பீரங்கி மாதிரித்தான் இருக்கும். பின்முனை ஊற்றை ஒருபோதும் மூடாதீர்கள். ஊற்று பிழைத்திருந்தால் போதும்: மருந்து பற்றியதும் பிளாக் நிலையிலிருந்து நழுவி, திரி எரியும் வெடிகுண்டாகிவிடும், தண்ணீர் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கும். ஒரு பிளாக்குக்குக் கால் வினாடி, ஏழுக்கு 1.75 வினாடி. திரி முடிவதற்குள் எல்லாம் நனைந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம், மின்சமிக்ஞையைத் தாமதப்படுத்தும் ரிப்பீட்டர். ஒரு பக்கச் சுவரின் மேல் மின்கம்பி போல வேலை செய்யும் ரெட்ஸ்டோன் தூள் போட்டு மருந்தை உடனே பற்றவைப்போம். தூளை ஸ்லாப் வரை இழுக்காமல் கடைசி மருந்தோடு நிறுத்த வேண்டும். மறுபக்கச் சுவரின் மேல் ரிப்பீட்டர் வரிசை, கடைசி ரிப்பீட்டருக்கு முன்னால் குண்டைத் தொட்டபடி ஒரு கட்டி பிளாக். இந்த வழியாகக் குண்டு தாமதமாகப் பற்றும். நாலாம் நிலைக்குத் தள்ளிய ரிப்பீட்டர் ஒன்றுக்கு 0.4 வினாடித் தாமதம். ஏழு வைத்தால் 2.8 வினாடி. மருந்து வெடித்துக் குண்டு கிளம்பும்போது அதன் திரியில் அதே 2.8 வினாடிதான் மிச்சமிருக்கும். தாமதம் கூடக்கூடக் குண்டு அதிக நேரம் பறக்கும். "அப்படியானால் பத்து வைக்கலாமே" என்று தோன்றும், அதுதான் கண்ணி. பத்து என்றால் 4.0 வினாடி. மருந்து வெடிக்கும் வேளையில் குண்டு இன்னும் பற்றாத பிளாக்காகவே உட்கார்ந்திருக்கும், அதைத் தள்ள முடியாது. அதன் பிறகு பற்றி, நாலு வினாடி கழித்து, ஸ்லாபின் மேலேயே, தண்ணீருக்கு வெளியே வெடிக்கும். ஒன்பதுக்கு மேல் போகாதீர்கள்.

முதல் சோதனையில் குண்டே வைக்காமல் மருந்தை மட்டும் வெடித்துப் பாருங்கள். தொட்டியில் ஒரு கல்லும் உதிரவில்லை என்றால் தண்ணீர் சரி. பட்டனைப் பீரங்கிக்குப் பின்னால் பத்துப் பிளாக் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பழைய வீடியோவில் டிஎன்டியைக் கையால் குத்தியதும் பற்றுகிறது. எனக்கு அது உடைந்து கைக்கு வருகிறதே?

பதில்: அந்த வீடியோ 2011 நடுப்பகுதிக்கு முந்தைய விளையாட்டு. பீட்டா 1.7இலிருந்து தீப்பற்ற வைக்கும் கல், ரெட்ஸ்டோன், நெருப்பு ஏதாவது வேண்டும். குத்தினால் கைக்கு வருவது நல்லதுதான், தப்பான இடத்தில் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வைரம் தேட டிஎன்டி லாபமா?

பதில்: இல்லை. கல்லும், ஆழத்தில் இருக்கும் டீப்ஸ்லேட் பாறையும் வெடிப்பைத் தாங்கும் எண் 6. டிஎன்டியின் பலம் ஒரு கல் பிளாக்கைத் துளைப்பதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மண்ணில் மூன்று பிளாக் வரை பெயர்க்கும் அதே டிஎன்டி, கல் சுரங்கத்தில் சுவரின் தோலை உரித்துவிட்டு ஓயும். செலவைப் பாருங்கள்: ஒன்றுக்கு 5 கன்பவுடர், 4 மணல். மூலைகள் நாலிலும் நடுவிலும் கன்பவுடர், மீதி நாலில் மணல். ஒரு ஸ்டாக் 64 செய்ய 320 கன்பவுடர். கிரீப்பர் ஒன்று 0 முதல் 2 வரை தரும், சராசரி ஒன்று, ஆக 320 கிரீப்பர். கூடுதல் பொருள் விழ வைக்கும் லூட்டிங் 3 மந்திரம் ஏற்றிய வாள் இருந்தாலும் 128. அந்த நேரத்துக்கு எஃபிஷியன்சி மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸ் எவ்வளவோ தோண்டியிருக்கும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம். டிஎன்டி பாதிப் பொருளை அழித்துவிடும் என்று இன்னும் பலர் சொல்வது பழைய கணக்கு. 2019இல் வந்த 1.14 முதல் டிஎன்டி உடைக்கும் பிளாக்குகள் எல்லாமே பொருளாக விழுகின்றன. ஆனால் விழுந்து கிடக்கும் பொருளை அடுத்த வெடிப்பு அழிக்கும். வரிசையாக வெடித்தால் முன்னால் விழுந்தவை பின்னால் வருவதால் போகும்.

கேள்வி: அப்படியானால் நெதரைட் தேட மட்டும் ஏன் எல்லோரும் டிஎன்டி வாங்குகிறார்கள்? பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

பதில்: நெதரின் பாறையான நெதர்ராக்கின் தாங்கும் எண் 0.4தான், மூன்றரை பிளாக் வரை பெயரும். நெதரைட் செய்ய உதவும் தாதுவான ஏன்ஷியன்ட் டெப்ரிஸின் எண் 1200, அசையாது. சுற்றியிருப்பதெல்லாம் பறந்து நமக்கு வேண்டியது மட்டும் அந்தரத்தில் நிற்கும். இதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை டிஎன்டிக்குக் கிடையாது.

உயரத்தைக் காட்டும் ஒய் அளவு 15இல் ஒரு பிளாக் அகலம், இரண்டு உயரத்தில் நேர்ச் சுரங்கம் 40 பிளாக் தோண்டுங்கள். கடைசி முனையிலிருந்து திரும்பி வரும்போது நாலு பிளாக்குக்கு ஒன்றாக டிஎன்டி வையுங்கள், பத்து போதும். இடைவெளி நாலு என்பதற்குக் காரணம் உண்டு: காற்றில் வெடிப்பின் கதிர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 3.7 முதல் 6.9 பிளாக் வரை எட்டும். ஆறாக வைத்தால் நடுவில் எங்காவது சங்கிலி அறுந்து, ஒரு டிஎன்டி பற்றாமல் நிற்கும். உங்களுக்கு அருகில் இருப்பதைப் பற்றவைக்க வேண்டும், கடைசியை அல்ல. அப்போதுதான் வெடிப்பு உங்களை விட்டு விலகிப் போகும். பற்றவைத்ததும் சுரங்க வாயில் மூலையைத் திரும்பி, வழியைக் கல்லால் அடைத்துவிட்டுக் காத்திருங்கள். முதல் நாலு வினாடி, பிறகு ஒன்றுக்குச் சராசரி ஒரு வினாடி. சத்தங்களை எண்ணுங்கள். பத்து கேட்காமல் அடைப்பைத் திறக்காதீர்கள்.

பத்தும் கேட்ட பிறகும் உடனே ஓடக் கூடாது. உயிர் போவது அதிகமும் இங்கேதான், வெடியால் அல்ல, லாவாவால். நெதரில் லாவா மேலுலகத்தைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும், வெடிப்பு எந்தக் கூரையைத் திறந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அணைக்கத் தண்ணீரும் அங்கே ஊற்ற முடியாது. அரை நிமிடம் பொறுத்து, தீயைத் தாங்க வைக்கும் ஃபயர் ரெசிஸ்டன்ஸ் பானத்தைக் குடித்துவிட்டு உள்ளே போங்கள். எடுக்க வைர பிக்காக்ஸ் வேண்டும்.

கன்பவுடர் இல்லாதவர்கள் பெட்டை வெடிக்கிறார்கள். மூன்று கம்பளி, மூன்று பலகை, செலவு அற்பம். ஆனால் அதற்குத் திரியே கிடையாது, படுக்க கிளிக் செய்த கணமே வெடிக்கும், தீயும் பிடிக்கும். வெடிப்பு தலைமாட்டில்தான் நிகழும், ஆகவே கால்மாடு உங்கள் பக்கம் இருக்கும்படி போட்டு, இடையில் தரையில் ஒரு பிளாக் வைத்து, அதற்கு மேலாகக் கிளிக் செய்யுங்கள். முழுதாக மறைக்காது, அடி குறையும். பிளாஸ்ட் புரொடெக்‌ஷன் 4 மந்திரம் உள்ள ஒரு கவசத் துண்டே வெடிப்பின் அடியில் 32 சதவீதத்தைக் குறைக்கும் என்பதால் அதையும் போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பாலைவனப் பிரமிடில் நாலு பெட்டியும் கண்ணுக்குத் தெரிகிறது. குதித்தேன், எல்லாம் போயிற்று.

பதில்: நடுவில் கல் பிரஷர் பிளேட், அதன் கீழ் 9 டிஎன்டி. மேல் தளத்தின் நடுவில் நீலப் பிளாக் இருக்கிறதே, அது சரியாகப் பிளேட்டின் நேர் மேலே. அதை உடைத்துக் குதித்தால் பிளேட்டில்தான் இறங்குவீர்கள். ஓரமாகத் தோண்டிப் படிக்கட்டு மாதிரி இறங்குங்கள், இறங்கியதும் முதலில் டார்ச். இருட்டில் முளைக்கும் ஜோம்பி மிதித்தாலும் அந்தப் பிளேட் வேலை செய்யும். பிளேட்டை உடைத்தால் ஒன்றும் ஆகாது, பயப்படாமல் உடையுங்கள். அடியிலிருக்கும் ஒன்பதும் இலவசம், 45 கன்பவுடர் மிச்சம்.

கேள்வி: டிஎன்டியை வீட்டில் எங்கே வைப்பது?

பதில்: பெட்டிக்குள். பொருளாக இருக்கும் டிஎன்டி எதனாலும் வெடிக்காது, பெட்டியே சிதறினாலும் சரி. அழகுக்குச் சுவராக அடுக்கினால் ஒரே கிரீப்பர் போதும்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் தன் அக்கா ஒரு மாதம் கட்டிய வீட்டை டிஎன்டி வைத்துத் தகர்த்துவிட்டான். வீட்டில் போர். டிஎன்டியை மட்டும் நிறுத்த வழி உண்டா? பீஸ்ஃபுல்லில் வைத்தால் போதுமா? (ஒரு தாய்)

பதில்: பீஸ்ஃபுல் என்ற அமைதி நிலையில் கிரீப்பர் வராது, கன்பவுடர் கிடைப்பது அரிதாகும், அவ்வளவே. ஏற்கெனவே கையிலுள்ள டிஎன்டி வெடிக்கும், எல்லாப் பொருளும் இலவசமாகக் கிடைக்கும் கிரியேட்டிவில் கேட்கவே வேண்டாம். மாப் கிரீஃபிங் என்ற அமைப்பை அணைப்பவர்களும் ஏமாறுகிறார்கள், அது கிரீப்பர் போன்றவற்றுக்குத்தான். டிஎன்டியைத் தொடாது.

டேப்லெட்டிலோ போனிலோ விளையாடினால் அது பெட்ராக். உலகத்தின் செட்டிங்ஸில் 'டிஎன்டி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள், தீர்ந்தது. கணினியில் ஜாவா சர்வர் வைத்து விளையாடினால் வேர்ல்ட்கார்டு என்ற பிளகின் போட்டு, அக்காவின் வீட்டை மட்டும் வளைத்து டிஎன்டியைத் தடை செய்யலாம். தம்பிக்கு மீதி உலகம் இருக்கிறது.

போன வீட்டை மீட்க, பழைய பிரதி இருந்தால்தான் முடியும். இனி வாரம் ஒரு முறையாவது எடுத்து வையுங்கள். ஜாவாவில் உலகத்தைத் தேர்ந்து, எடிட், பிறகு மேக் பேக்கப். பெட்ராக்கில் உலகத்தின் பக்கத்திலுள்ள பென்சில் குறியைத் தொட்டு, அடியில் வரும் காப்பி வேர்ல்ட். காப்பியின் பெயரில் தேதியைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தம்பி அடுத்து எதைத் தகர்த்தான் என்பதே தெரியாது.